அம்மாவுக்கு 2001ல் ‘காடி வைத்து’ ஒரு பரிசோதனை செய்திருக்கிறார்கள். அது ஆராய்ச்சியாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஒட்டன்சத்திரம்_தென்றல் | திங்கள், இரவு 9.40

போன வாரம் அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கு 62 வயது. காத்திருந்த இடத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு, “இது எனக்கு எப்பவோ பாத்துட்டாங்களே கண்ணு” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீ அப்ப பிளஸ் டூ, ஆஸ்டல்ல இருந்த. நர்ஸம்மாங்க வீடு வீடா வந்து பேரு எழுதிட்டுப் போனாங்க. அப்புறம் வரச் சொன்னாங்க. படுக்க வெச்சு, காடித்தண்ணியத் தொட்டு வெச்சாங்க. வாசமே வந்துச்சு. ஒரு நிமிசம் அசையாம இருங்கன்னாங்க. வெள்ளையா தெரியுதுன்னு பூதக்கண்ணாடி மாதிரி ஒண்ணுல பாத்தாங்க. அன்னிக்கே ஐஸ் வெச்ச மாதிரி ஒண்ணு வெச்சு எடுத்தாங்க. பத்து நாளைக்கு மேல தண்ணியாப் போச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல.”

சித்தி நாலு கிலோமீட்டர் தள்ளி, அடுத்த பஞ்சாயத்தில் இருக்கிறார். அவருக்கு இந்தப் பரிசோதனை நடக்கவில்லை. அம்மா அப்போதே கேட்டாராம். “அந்த ஊரு இதுல இல்லீங்க” என்றார்களாம்.

ஏன் ஒரு ஊரில் பார்த்தார்கள், இன்னொரு ஊரில் பார்க்கவில்லை? அம்மாவுக்குச் செய்தது என்ன? அது அவரைக் காப்பாற்றியதா?


கிராமத்துச்செவிலி | திங்கள், இரவு 10.25

தென்றல், அம்மா எவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருக்கிறார்! அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை.

நான் தேனி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் அம்மாவைப் பார்த்த குழுவில் நான் இல்லை. ஆனால் பிறகு அதே பரிசோதனையை ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்திருக்கிறேன்.

காடி என்பது நீர்த்த அசிட்டிக் அமிலம். கர்ப்பப்பை வாயில் பஞ்சால் தொட்டு வைத்து ஒரு நிமிடம் விட்டால், மாறத் தொடங்கிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். நாங்கள் ‘வி.ஐ.ஏ.’ என்போம். அந்தப் பூதக்கண்ணாடி கால்போஸ்கோப். ஐஸ் என்பது கிரையோ: குளிரூட்டிய உலோக முனையை மூன்று நிமிடம் அழுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். மாறிய செல்கள் உறைந்து செத்து உதிரும். அதனால்தான் தண்ணியாகப் போனது. பயப்பட ஒன்றுமில்லை, அது ஆறுவதன் அடையாளம்.

கவனியுங்கள், அம்மாவுக்கு வந்தது புற்றுநோய் இல்லை. புற்றுநோய் ஆகக்கூடிய ஒன்று.


எண்ணும்_எழுத்தும் | செவ்வாய், காலை 7.10

தென்றல், உங்கள் இரண்டு ஊர்க் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். புள்ளியியல் என் தொழில். இந்த ஆய்வை வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

உலகம் முழுக்கப் பொது சுகாதாரம் படிப்பவர்களுக்கு ‘திண்டுக்கல்’ என்ற பெயர் தெரியும். 2007ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு அது. ஃபிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன்தான் அந்தக் கட்டுரையை முதன்மையாக எழுதியவர். உங்கள் ஊர்ப் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனைதான் களம். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தாரும் இதில் இருந்தார்கள்.

மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்குவது போல 57 பகுதிகள் ஒரு பக்கம், 57 மறுபக்கம். முதல் 57ல் 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்குச் செவிலியர்கள் ஒரே ஒருமுறை காடிப் பரிசோதனை. மற்ற 57ல் வழக்கமாக என்ன மருத்துவம் கிடைக்குமோ அதுதான். உங்கள் அம்மா ஊருக்கு ஒரு சீட்டு, சித்தி ஊருக்கு வேறு சீட்டு. அவ்வளவுதான் காரணம்.

2000 மே முதல் 2003 ஏப்ரல் வரை, தகுதியுள்ள 49,311 பேரில் 31,343 பேருக்குப் பரிசோதனை நடந்தது. 3,088 பேருக்கு வெள்ளை தெரிந்தது. அவர்களில் ஒருவர் உங்கள் அம்மா. 2006 இறுதிவரை இரு பக்கத்துப் பெண்களையும் கண்காணித்தார்கள். பரிசோதனைப் பக்கம் 167 பேருக்குப் புற்றுநோய், 83 மரணம். மறுபக்கம் 158 பேருக்குப் புற்றுநோய், 92 மரணம். நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்பது முடிவு.


பொன்னி_92 | செவ்வாய், காலை 8.02

மன்னிக்கவும் சார், 167க்கும் 158க்கும் பார்த்தால் பரிசோதனை செய்த பக்கம்தானே நோய் அதிகம்? மரணத்திலும் ஒன்பதுதான் வித்தியாசம். 35 சதவீதம் எங்கிருந்து வந்தது?


எண்ணும்_எழுத்தும் | செவ்வாய், காலை 8.30

நல்ல கேள்வி. இரண்டு பக்கமும் பகுதிகள் சமம், பெண்கள் சமமில்லை. பரிசோதனைப் பக்கம் 49,311 பேர், மறுபக்கம் 30,958 பேர். ஒவ்வொரு பெண்ணையும் எத்தனை ஆண்டுகள் கவனித்தார்கள் என்று கூட்டினால் ஒரு பக்கம் 2,74,430 ஆண்டுகள், மறுபக்கம் 1,78,781 ஆண்டுகள். லட்சம் ஆண்டுக்கு எத்தனை மரணம் என்று வகுத்துப் பாருங்கள்: இங்கே சுமார் 30, அங்கே சுமார் 51. வயது போன்ற வேறுபாடுகளையும் சரிசெய்த பிறகு நிற்பது 35 சதவீதம்.

இன்னொன்று. அந்த 83 மரணங்களில் அழைத்தும் வராத பெண்களும் அடக்கம். வந்தவர்களை மட்டும் எண்ணிக் கணக்கை அழகாக்கவில்லை. நான் இந்த ஆய்வை மதிக்க அது ஒரு காரணம்.

தென்றல், 2001ல் அம்மாவுக்கு 38 வயது இருந்திருக்கும். 30 முதல் 39 வரையிலான பெண்களுக்குத்தான் மிகப் பெரிய பலன் கிடைத்தது. அந்த வயதில் மரணம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.


மருதன்_வழக்கறிஞர் | செவ்வாய், மதியம் 1.15

எண்கள் அழகாக இருக்கின்றன. அந்த 92 பேரைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

திண்டுக்கல் மட்டுமில்லை. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் ஒன்று, மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒன்று. மூன்றிலும் பரிசோதனை இல்லாத பக்கம் இருந்த பெண்கள் மொத்தம் 1,38,624. அவர்களில் 254 பேர் இந்த நோயால் இறந்தார்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பேப் ஸ்மியர் மேல்நாடுகளில் பல பத்தாண்டுகளாக மரணத்தைக் குறைத்து வந்த காலம் அது. தேடினால் காப்பாற்றலாம் என்று தெரிந்த நோயில், ஒரு பக்கத்தைத் தேடாமல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பது சரியா? அமெரிக்காவில் இப்படி ஒரு ஆய்வுக்கு அனுமதி கிடைத்திருக்குமா? மும்பை ஆய்வில் பெண்களுக்குச் சொல்லப்பட்ட தகவல் போதாது என்று அமெரிக்க அரசின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகமே 2012ல் சொன்னது.

தென்றலின் அம்மா பிழைத்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் சித்திக்கு யார் பதில் சொல்வது?


டாக்டர்_குறிஞ்சி | செவ்வாய், இரவு 11.05

ஓ.பி. முடிந்து இப்போதுதான் பார்த்தேன். மருதன் சார், நீங்கள் கேட்பதைத் தள்ளிவிட்டுப் போக மாட்டேன். மகப்பேறு மருத்துவராக இருபது வருடமாக என்னைக் குடையும் கேள்வி அது.

என் பக்கத்தைச் சொல்கிறேன். 2000ல் நம் கிராமங்களில் ஒழுங்கான பேப் ஸ்மியர் திட்டமே கிடையாது. ஸ்லைடைப் படிக்க ஆள் வேண்டும், லேப் வேண்டும், முடிவு வந்ததும் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து மறுபடி வரவைக்க வேண்டும். மேல்நாட்டில் வேலை செய்ததால் இங்கேயும் செய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. உஸ்மானாபாத் அதைத்தான் காட்டியது. அங்கே 1,31,746 பெண்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள்: எச்.பி.வி. (இந்தப் புற்றை உண்டாக்கும் கிருமி) பரிசோதனை, பேப், காடி, எதுவுமில்லை. 2009ல் முடிவு வந்தது. எச்.பி.வி. பரிசோதனையில் மட்டும் மரணம் ஏறக்குறைய பாதியானது. பேப்பிலும், திண்டுக்கல்லில் பலன் தந்த காடியிலும்கூட அங்கே சொல்லும்படியான குறைவு இல்லை. பரிசோதனையில்லாத குழு இல்லாவிட்டால் இந்த உண்மை தெரிந்திருக்காது.

உங்களுக்கு வலு சேர்க்கும் ஒன்றையும் நானே சொல்கிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து மகளிர் மருத்துவமனையில் 1966 முதல் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், புற்றுக்கு முந்தைய மாற்றம் உள்ள பெண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் வெறுமனே கவனித்து வந்தார். அது புற்றாக மாறாது என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பெண்களிடம் சொல்லவே இல்லை. 1987ல் இரண்டு பெண்கள் பத்திரிகையில் எழுதி அம்பலமானது. அடுத்த ஆண்டு நீதிபதி சில்வியா கார்ட்ரைட் அறிக்கை வந்தது, அந்த நாட்டின் நோயாளி உரிமைச் சட்டமே மாறியது. பிறகு கணக்கெடுத்தபோது, போதிய சிகிச்சை இல்லாமல் விடப்பட்டவர்களில் 30 ஆண்டுக்குள் 31 சதவீதம் பேருக்குப் புற்று வந்திருந்தது. சிகிச்சை பெற்றவர்களில் அது 1 சதவீதத்துக்கும் கீழே.

தென்றல், அம்மாவுக்கு வைத்த அந்த ஐஸின் மதிப்பை இன்று எண்ணில் சொல்ல முடிகிறதென்றால் அது ஆக்லாந்துப் பெண்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தது. அதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

திண்டுக்கல் அப்படியில்லை. இங்கே மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டு மறைக்கவில்லை.


மருதன்_வழக்கறிஞர் | புதன், காலை 6.50

டாக்டர், நேர்மையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. வேறுபாட்டை ஏற்கிறேன். ஆக்லாந்தையும் திண்டுக்கல்லையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. மூன்று ஆய்வும் ஏன் திண்டுக்கல், உஸ்மானாபாத், மும்பைக் குடிசை? ‘அங்கே வழக்கமான மருத்துவம் என்று எதுவும் இல்லை’ என்பதே ‘எதுவும் கொடுக்காத குழு’வை நியாயமாக்குகிறது. இல்லாமை யாருடைய குற்றம்? அதுவே ஆய்வுக்குத் தகுதியாகிவிட்டால், கைவிடப்பட்ட இடமெல்லாம் நல்ல ஆய்வுக்களம் ஆகிவிடும்.

ஆய்வு செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முடிவு தெரிந்ததும் முதல் பலன் சித்தி ஊருக்குப் போயிருக்க வேண்டும். யார் முதலில் கொடுத்தார்களோ அவர்களுக்கு முதலில் சேர வேண்டும்.


கிராமத்துச்செவிலி | புதன், காலை 9.30

தம்பி, அந்தக் கடைசி வரியை நான் அப்படியே ஏற்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். 2007ல் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோடியாகக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தொடங்கியது. நான் அதில்தான் கற்றுக்கொண்டேன். 2012 முதல் மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் வந்துவிட்டது. நர்ஸே பார்க்கலாம், லேப் வேண்டாம் என்ற நம்பிக்கை திண்டுக்கல்லில் இருந்து வந்ததுதான்.

ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 10 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. இந்தியா முழுக்க 2 சதவீதம்கூட இல்லை. நாம்தான் முதலிடம்! பத்தில் ஒருத்தியோடு முதலிடம்.

வராததற்குக் காரணம் கூச்சம் என்று எழுதுவார்கள். பாதி உண்மை. மீதியையும் சொல்கிறேன். திரைச்சீலை இல்லாத அறை. “எதுக்கு பயப்படுற, புள்ள பெத்தவதானே” என்கிற வாய். அரை நாள் கூலி போவது. ஒருமுறை ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “நோய் இருக்குன்னு சொல்லிட்டா யாரு என்னைக் கூட்டிட்டுப் போவாங்க?” நான் இரண்டு பேரை மதுரைக்கு பஸ்ஸில் நானே அழைத்துப் போயிருக்கிறேன்.


சேலம்_குமரவேல் | புதன், இரவு 8.15

இழை திசை மாறினால் மன்னியுங்கள். என் மனைவிக்கு இந்த நோய்தான். 3பி நிலை என்கிறார்கள். 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு), வாரம் ஒரு கீமோ, பிறகு உள்ளே வைத்துக் கொடுக்கும் கரண்ட் என்று சொல்லியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் “ஆபரேஷன் பண்ணி எடுத்துடு, கட்டியை வெச்சுக்கிட்டு ஏன் கரண்ட்” என்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை.


டாக்டர்_குறிஞ்சி | புதன், இரவு 9.50

குமரவேல், திசை மாறவில்லை. இதுவும் அதே கதையின் தொடர்ச்சி.

அந்த நிலையில் கரண்டும் கீமோவும் சேர்ந்துதான் சரியான வைத்தியம். மும்பை டாடா மெமோரியலில் 3பி நிலையில் இருந்த 850 பெண்களிடம் ஆய்வு நடந்தது. கரண்ட் மட்டும் வைத்தவர்களில் ஐந்து ஆண்டு கழித்து 46 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ சேர்த்தவர்களில் 54 சதவீதம். இது 2018ல் வந்தது. ஆபரேஷன் பற்றியும் அதே மருத்துவமனை பார்த்தது. இன்னும் முந்தைய நிலையில் இருந்த 600க்கும் மேற்பட்ட பெண்களில், முதலில் கீமோ கொடுத்து ஆபரேஷன் செய்தவர்களைவிடக் கரண்ட்-கீமோ பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு. சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

2024ல் வந்த இன்டர்லேஸ் ஆய்வையும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கரண்டுக்கு முன் ஆறு வாரம் குறைந்த அளவு கீமோ. 500 பெண்கள், ஐந்து நாடுகள், இந்தியாவும் உண்டு. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 72லிருந்து 80 சதவீதமானது. எல்லோருக்கும் பொருந்தாது. கிட்னி, ரத்த அளவெல்லாம் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றே ஒன்று என் வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் தொடங்கினால் நடுவில் நிறுத்தாதீர்கள். தொடங்கிய நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் உள் கரண்டும் முடிய வேண்டும். வெளிக் கரண்டோடு “நல்லாயிடுச்சு” என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ரத்தப்போக்கு நின்றுவிடும், வலி போய்விடும், அதனால் ஏமாந்துவிடுகிறார்கள். உள் கரண்டுதான் கட்டியின் வேரைத் தொடுவது.


சேலம்_குமரவேல் | புதன், இரவு 10.20

ரொம்ப நன்றி மேடம். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். எட்டு வாரத்தைக் காலண்டரில் குறித்துவிட்டேன்.


பொன்னி_92 | வியாழன், காலை 10.40

என் அக்கா மகளுக்கு 12 வயது. இந்த நோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி மூன்று போட வேண்டும் என்கிறார்கள், ஒன்றே போதும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?


எண்ணும்_எழுத்தும் | வியாழன், மதியம் 12.15

இந்தக் கேள்விக்கான விடையிலும் அம்பிளிக்கை இருக்கிறது.

2009ல் இந்தியாவில் ஒன்பது இடங்களில் 10 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைகளிடம் இரண்டு ஊசியா மூன்று ஊசியா என்று ஒரு ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையும் ஒரு மையம். அதே சமயம் தெலங்கானாவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் வேறொரு அமைப்பு நடத்திய தடுப்பூசித் திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஊசிக்கும் அந்த மரணங்களுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் மோசம். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளையும் நிறுத்தியது. அதனால் இந்த ஆய்விலும் கிட்டத்தட்ட 5,000 சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள்.

ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை, பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். 2021ல் முடிவு: இந்தப் புற்றுக்கு முக்கியக் காரணமான 16, 18 வகை எச்.பி.வி. தொற்று நிலைத்துத் தங்காமல் தடுப்பதில் ஒரு ஊசி 95 சதவீதம், இரண்டும் மூன்றும் 93 சதவீதம். ஏறக்குறைய ஒன்றேதான். அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு போதும் என்றது. எத்தனை என்பதைக் குழந்தையின் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.


மருதன்_வழக்கறிஞர் | வியாழன், மதியம் 1.05

கம்மத்தைச் சொன்னதற்கு நன்றி. அந்த ஒரு கையெழுத்தை ஒழுங்காக வாங்கியிருந்தால் இத்தனை வருடம் இந்த ஊசியைப் பார்த்து ஜனங்கள் பயந்திருக்க மாட்டார்கள். ஒப்புதல் என்பது ஆய்வுக்கு முட்டுக்கட்டை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.


ஒட்டன்சத்திரம்_தென்றல் | ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. வேலைப்பளுவில் பதில் போட முடியவில்லை. மொத்த இழையையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சித்தியும் வந்திருந்தார்.

3,088 பேரில் ஒருத்தி என்றதும் அம்மா, “அத்தனை பேரா!” என்றார். பிறகு சும்மா இருந்தார். அப்புறம் அன்றைக்குத் தன்னோடு வந்த பெண்களின் பெயரை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பதினோரு பேர். நாலு பேர் இப்போது இல்லை, யாரும் இந்த நோயால் போகவில்லை.

சித்தி கேட்டது ஒன்றுதான்: “எங்கூரு சீட்டு வந்த கதைய எங்ககிட்ட ஒருத்தராச்சும் வந்து சொல்லியிருக்கலாமில்ல?” கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு பேரையும் வெள்ளிக்கிழமை அழைத்துப் போனேன். மாதவிலக்கு நின்றவர்களுக்குக் காடிப் பரிசோதனை சரியாகத் தெரியாது, பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடும் என்று சொல்லி எச்.பி.வி. மாதிரி எடுத்தார்கள். சித்தி தானே திரைக்குப் பின்னால் போய் எடுத்துக்கொடுத்தார். “இவ்வளவுதானா?” என்றார். முடிவு வர வேண்டும்.

நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் வாசித்துக் காட்ட ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். செவிலியம்மா, திருத்திக் கொடுங்கள்:

“25 வருசத்துக்கு முன்னாடி நம்ம மாவட்டத்துல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு. பாதி ஊர்ல பரிசோதனை செஞ்சாங்க, பாதி ஊர்ல செய்யலை. ரெண்டு ஊரு பொம்பளைங்களாலயும்தான் இந்தப் பரிசோதனை உசுரக் காப்பாத்தும்னு உலகத்துக்குத் தெரிஞ்சுது. 30 வயசு தாண்டினவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா பாத்துக்கலாம். நோய்த்தொற்று இருந்தா பயப்பட வேண்டாம். மாசவெலக்கு நின்ன பொறவு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்னிக்கே போங்க.”


கிராமத்துச்செவிலி | ஞாயிறு, இரவு 7.45

கண்ணீர் வந்துவிட்டது தென்றல். மூன்று திருத்தம்.

‘நோய்த்தொற்று’ வேண்டாம். நடத்தையில் சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள், வீட்டில் சண்டை வரும். ‘இந்தக் கிருமி கல்யாணமான பெரும்பாலானவங்களுக்கு எப்பவாச்சும் வந்து தானாப் போறதுதான், சிலருக்குத்தான் தங்கும்’ என்று எழுதுங்கள்.

கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும் போகச் சொல்லி எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘போங்க’ என்று முடிக்காதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, அங்கே எந்த நர்ஸைக் கேட்க வேண்டும் என்று போடுங்கள். பெயர் தெரிந்தால்தான் வருவார்கள். முதல் நாள் சித்தியையும் கூட உட்காரச் சொல்லுங்கள்.